சட்டம் மாறினால் சம்பளச் சீட்டில் எங்கே தெரியும்? வேலூர் வட்டாரக் கம்பெனிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆம்பூரில் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி, குடியாத்தத்தில் தீப்பெட்டி, பேரணாம்பட்டில் பீடி, வேலூர் லாங் பஜாரில் கடை. பழைய வட ஆற்காட்டில் எங்கே பார்த்தாலும் கூலிக்கும் சம்பளத்துக்கும் வேலை செய்கிறவர்கள்தான். இந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் சட்டப் பிரிவு என்று தனியாக எதுவும் கிடையாது. டைம் ஆபீஸில் ஒருவர், கணக்கில் ஒருவர், இரண்டையும் மேலோட்டமாகப் பார்க்க ஒரு எச்.ஆர். மாதக் கடைசியில் சம்பளம் போடுவதற்கே அவர்களுக்கு நேரம் போதாது. அப்புறம் எங்கே சட்டம் படிப்பது?

இந்த வழிகாட்டி அவர்களுக்கும், சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், தன் சம்பளச் சீட்டைத் தானே புரிந்துகொள்ள நினைக்கும் தொழிலாளிக்கும். ஒரே ஒரு பழக்கத்தைத்தான் நான் வலியுறுத்துகிறேன். எந்தச் சட்ட மாற்றத்தைக் கேள்விப்பட்டாலும், "இது நம்ம இடத்தில் எங்கே தெரியணும்?" என்று உடனே கேளுங்கள். சம்பளச் சீட்டிலா, வருகைப் பதிவேட்டிலா, நோட்டீஸ் போர்டிலா, வேலை உத்தரவிலா? அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை அந்தச் சட்டம் உங்களுக்குப் புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு தாளில் உங்கள் நிறுவனத்தை எழுதுங்கள்

சட்டம் படிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. தாளின் மேலே மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ன தொழில், எத்தனை பேர், எந்த அரசு.

தொழிலாளர் விஷயம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநில அரசும் போடலாம். அதனால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. சாதாரண ஷூ கம்பெனிக்கும் கடைக்கும் அமலாக்கம் தமிழக அரசிடம். மத்திய அரசு நிறுவனமான ராணிப்பேட்டை பெல் ஆலை, அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வே போன்ற இடங்களுக்கு மத்திய அரசு. அங்கே காண்ட்ராக்டர் மூலம் வேலை செய்பவருக்கும் அப்படித்தான். ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருக்கு குறைந்தபட்ச ஊதியம் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆள் எண்ணிக்கையைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), கிராச்சுட்டி (விலகும்போது தரும் பணிக்கொடை), பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள் குழு. 20 பேர் ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), குறைதீர்ப்புக் குழு. மின்சாரம் பயன்படுத்தும் பட்டறை புதிய சட்டப்படி (படி 2-ல் வருகிறது) தொழிற்சாலை ஆவதும் 20-ல்தான். 50-ல் குழந்தைகள் காப்பகமும் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளும் வருகின்றன. 300-ல் நிலையாணைகளும் (வேலை நிபந்தனைகளை எழுதிவைக்கும் நிறுவன விதிகள்), ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதியும். காண்ட்ராக்டர் ஆட்களை விட்டுவிட்டு எண்ணுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பி.எஃப். அதிகாரி வந்து எண்ணும்போது அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணுவார்.

படி 2: செய்தியா, மசோதாவா, சட்டமா, விதியா?

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். குழப்பத்தில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது.

ஒரு சட்டம் நம் மேஜைக்கு வருவதற்குள் பல கட்டங்களைக் கடக்கிறது. முதலில் மசோதா. பிறகு அவையில் நிறைவேற்றம். பிறகு ஒப்புதல். பிறகு "இன்ன தேதியிலிருந்து அமல்" என்ற அறிவிக்கை. அதற்குப் பிறகு நடைமுறையைச் சொல்லும் விதிகள். டிவியில் வருவது பெரும்பாலும் முதல் இரண்டு கட்டம். நம்மைக் கட்டுப்படுத்துவது கடைசி இரண்டு.

இரண்டு உதாரணங்கள் போதும். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. மே தினத்தன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். ஒரு நாள்கூட அது அமலுக்கு வரவில்லை. ஆனாலும், "பன்னிரண்டு மணி நேரம் சட்டமாயிடுச்சு" என்று சொல்லி ஷிப்மென்ட் நேரத்தில் ஆட்களை உட்கார வைக்கும் சூப்பர்வைசர்கள் இன்றும் உண்டு.

இரண்டாவது, பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு மத்தியச் சட்டத்தொகுப்புகள். ஊதியச் சட்டத்தொகுப்பு 2019-ல் நிறைவேறியது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம் ஆகிய மூன்றும் 2020-ல். அவை அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21-ல். இடையில் இருந்த ஐந்தாண்டுகளில் "புதுச் சட்டம் வந்துவிட்டது" என்று எத்தனையோ முறை வாட்ஸாப்பில் வந்துபோனது. இப்போது உண்மையாகவே வந்துவிட்டது. தொழிற்சாலைகள் சட்டம், குறைந்தபட்ச ஊதியச் சட்டம், போனஸ் சட்டம், கிராச்சுட்டி சட்டம் உட்பட 29 மத்தியச் சட்டங்களின் இடத்தை இவை எடுத்துக்கொண்டன.

ஆனால் சட்டம் சட்டகத்தைத்தான் கொடுக்கும். மீதியை விதி நிரப்பும். ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று சட்டத்தொகுப்பு சொல்கிறது. எந்த வயதினருக்கு, எப்படி என்பதை விதியில் தேட வேண்டும். எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம் என்கிறது. அதன் படிவம் விதியில் இருக்கும். நம் ஷூ கம்பெனிக்கு மாநில விதிதான் பொருந்தும். எனவே தமிழக அரசின் இறுதி விதிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை நீங்கள் இதைப் படிக்கும் நாளிலேயே அரசிதழில் ஒருமுறை பாருங்கள். வரைவு விதி வேறு, இறுதி விதி வேறு. வரைவில் "கருத்துகள் வரவேற்கப்படுகின்றன" என்று இருக்கும். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. எழுதி அனுப்பினால் பரிசீலிக்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. நம் ஊர்ச் சங்கங்கள் இதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

புதிய விதி வரும்வரை, பழைய விதிகளும் அறிவிக்கைகளும் புதிய சட்டத்தோடு முரண்படாத அளவுக்குத் தொடரும். அதேபோல, தமிழ்நாட்டின் சொந்தச் சட்டங்கள் அந்த 29-ல் இல்லை. 1947-ம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1958-ம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், 1981-ம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், தற்காலிக நீக்கத்தில் இருப்பவருக்கான அதே ஆண்டின் பிழைப்பூதியச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. "எல்லாம் மாறிடுச்சு" என்று யாராவது சொன்னால் இந்த நான்கையும் நினைவுபடுத்துங்கள். சட்டம் பொருந்தும் தொழிலகத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் பெறும் உரிமை இன்றும் அங்கேதான் இருக்கிறது.

படி 3: படிக்க வேண்டிய இடங்களும் நாள்களும்

இடங்கள் அதிகம் வேண்டாம். மத்திய அரசிதழ் இணையதளம், தமிழ்நாடு அரசிதழ், மாநிலத் தொழிலாளர் துறை இணையதளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. சுற்றறிக்கைப் பக்கங்கள். மாதத்தில் ஒரு நாள், சம்பளம் போட்டு முடித்த மறுநாள், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தீர்ப்புகளுக்கு உச்ச நீதிமன்ற இணையதளம் இருக்கிறது; தேர்ந்தெடுத்த தீர்ப்புகளைத் தமிழிலும் போடுகிறார்கள். ஆங்கிலம் தடை என்று இனி யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

நாள்களில் முக்கியமானது ஏப்ரல் 1. தமிழகத்தில் குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி சென்னை நகர விலைவாசிக் குறியீட்டை வைத்து ஆண்டுதோறும் அன்றைக்கு மாறும். டேனரிக்கு ஒன்று, பீடிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். மத்திய அரசுப் பிரிவில் ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு இரண்டு முறை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15-ம் தேதிக்குள். போனஸ், கணக்கு ஆண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள், குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20.

விடுமுறைச் சட்டப்படி வருடத்துக்கு 9 நாள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அவற்றோடு ஐந்து பண்டிகை நாள்கள். பொங்கல், தீபாவளியோடு ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ் என்று எல்லா வீடுகளையும் மனதில் வைத்து இந்த ஐந்தை முடிவு செய்வது நம் வட்டாரத்துக்கு நல்லது. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று விடுமுறை.

படி 4: சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்

புதிய சட்டத்தின் மையம் 'ஊதியம்' என்பதன் வரையறை. அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி போன்றவை ஊதியம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்ற சிலவற்றை விலக்கலாம். ஆனால் விலக்கும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியதைத் திரும்ப ஊதியத்தில் சேர்த்துவிட வேண்டும்.

ஒரு சூப்பர்வைசரின் சீட்டை எடுப்போம். மொத்தம் 30,000 ரூபாய். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து 11,000. வீட்டு வாடகைப்படி 12,000. போக்குவரத்துப்படி 7,000. விலக்கு 19,000. மொத்தத்தில் பாதி 15,000. மேலே நிற்பது 4,000. அதை 11,000-த்தோடு சேர்த்தால் சட்டத்தின் கண்ணில் அவருடைய ஊதியம் 15,000.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். பத்து வருடம் வேலை செய்து அவர் விலகுகிறார் என்று வையுங்கள். கிராச்சுட்டி, வருடத்துக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு. பழைய கணக்கில் 11,000-த்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, பத்தால் பெருக்கினால் 63,462. புதிய கணக்கில் 86,538. வித்தியாசம் 23 ஆயிரத்துக்கும் மேல். ஆம்பூரில் ஒரு குடும்பத்துக்கு அது பிள்ளையின் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணமாக இருக்கலாம். அதனால்தான் இந்தக் கணக்கைத் தோராயமாக விட வேண்டாம் என்கிறேன்.

'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று ஒரு வரி போட்டு ஒதுக்கிவைக்கும் வழக்கமும் இருக்கிறது. விலக்குப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அது ஊதியத்தில்தான் சேரும்.

கிராச்சுட்டி பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தோலின் ஓரத்தைச் சீவும் ஸ்கைவிங் மெஷினில் வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் போனை நீட்டி, "சார், ஒரு வருஷம் வேலை செஞ்சாலே கிராச்சுட்டின்னு வந்திருக்கே, எனக்கு உண்டா?" என்று கேட்டார். "அக்கா, உங்க ஆர்டர்ல வேலை முடியுற தேதி போட்டிருக்கா, பாருங்க" என்றேன். அதுதான் கேள்வியே. குறிப்பிட்ட காலத்துக்கு என்று தேதி போட்டு நேரடியாக எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடம் போதும். மற்ற நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து வருடம் என்பது மாறவில்லை. காண்ட்ராக்டர் ஆள் என்பது இந்த இரண்டிலும் சேராத தனிக் கணக்கு. இது தெரியாமல் நாலாவது வருடத்தில் வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஓ.டி. சம்பள விகிதத்தில் சட்டம் மாறவே இல்லை. பழக்கம்தான் மாற வேண்டும். மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். தொழிலாளியின் சம்மதமும் வேண்டும் என்று புதிய சட்டத்தொகுப்பு சொல்கிறது. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும்போது, ஓ.டி.யைத் தனி நோட்டில் எழுதி 'சிங்கிள்' கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த நோட்டு தொழிலாளிக்கும் நல்லதல்ல, முதலாளிக்கும் நல்லதல்ல. வெளிநாட்டு பிராண்டின் ஆடிட்டர் வருகைப் பதிவேட்டையும் கேட் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும்.

எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டுக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் பெண்களும், ஆயிரம் கணக்கில் பீடி சுற்றும் பெண்களும்தான் இந்தத் தொழில்களைத் தாங்குகிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் போகும்போதுதான் அவர்களுக்கான சட்டமும் இல்லாமல் போகிறது. உங்கள் நிறுவனம் வெளியே வேலை கொடுத்தால், யாருக்கு, எத்தனை, என்ன ரேட் என்று ஒரு பதிவேடு தொடங்குங்கள்.

விலகுகிறவரின் செட்டில்மென்டும் மாறியிருக்கிறது. ராஜினாமாவோ, நீக்கமோ, ஆட்குறைப்போ, ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். "அடுத்த மாசம் 10-ம் தேதி வாங்க" என்பது இனி செல்லாது. கிராச்சுட்டிக்கு 30 நாள் உண்டு. உங்கள் கணக்குப் பிரிவால் இரண்டு நாளில் முடிக்க முடியுமா என்று இப்போதே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

பி.எஃப். விகிதம் பொதுவாக 12 சதவீதம், ஊதிய வரம்பு 15,000. இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 0.75, முதலாளி 3.25 சதவீதம், வரம்பு 21,000. தொழிலாளிக்கு ஒரு சொல்: பிடித்தம் சீட்டில் இருந்தால் மட்டும் போதாது. மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, அந்த மாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: சம்பளத்துக்கு வெளியே

பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள் குழுவில் இருந்து தொடங்குங்கள். நம் ஷூ கம்பெனிகளில் பெண்களே அதிகம். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, மூத்த பெண் ஊழியர் தலைவர், உறுப்பினரில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகார் கொடுக்க மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். விசாரணை 90 நாளில். காகிதத்தில் மட்டும் இருக்கும் குழுவை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத் தீர்ப்பில் கடுமையாகச் சாடியது. உங்கள் குழுவைச் சோதிக்க எளிய வழி: கட்டிங் பிரிவில் யாராவது ஒரு பெண்ணிடம் குழுத் தலைவர் யார் என்று கேளுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் குழு இல்லை என்றே அர்த்தம். 10 பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்பவர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும்.

ஜவுளிக்கடை, நகைக்கடை நடத்துகிறவர்களுக்கு: 2021-ல் தமிழகக் கடைகள் சட்டத்தில் சேர்ந்த 22-ஏ பிரிவு, ஊழியர்கள் உட்கார வசதி செய்யச் சொல்கிறது. இருக்கை போட்டுவிட்டு உட்காரவிடாமல் இருப்பது சட்டத்தை மதிப்பதாகாது.

பாதுகாப்பு விஷயத்தை நம் ஊர் மறக்கக் கூடாது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளி மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆட்கள் எங்கே தூங்குகிறார்கள் என்பதும் உங்கள் பாதுகாப்புப் பட்டியலில் இருக்க வேண்டும். கழிவுத் தொட்டிக்குள் வாயுப் பரிசோதனை இல்லாமல் ஒருவரையும் இறக்காதீர்கள், எவ்வளவு அவசரமானாலும்.

வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும் இழப்பீட்டுக்குள் வரலாம் என்று, வேலைக்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்கும் நிலையைச் சொல்லி, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடிவதற்கு முன்பே கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வரும் பெண்களுக்கு இது பெரிய விஷயம். வேன் காப்பீட்டையும் வருகை நேரப் பதிவையும் ஒழுங்காக வையுங்கள்.

படி 6: தெரிந்ததைச் சொல்லுங்கள்

மாற்றம் ஒன்று உறுதியானால், ஒரு பக்கத்தில், தமிழில், நாலு வரியில் எழுதி ஒட்டுங்கள்: என்ன மாறியது, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு, யாரிடம் கேட்க வேண்டும். உருது படிப்பவர்களும் இந்தி பேசுபவர்களும் இருந்தால் அதிலும். நோட்டீஸ் போர்டு மேனேஜர் அறை வாசலில் இருந்தால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். கேன்டீனில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர்ப்புக் குழுவில் பாதி தொழிலாளர் தரப்பு; அந்தக் கூட்டத்தில் அடுத்த மாதச் சம்பளச் சீட்டின் மாதிரியை வைத்து விளக்குங்கள். சங்கத்தோடு முன்கூட்டியே பேசினால் சம்பள நாளில் வாசலில் கூட்டம் நிற்காது.

படி 7: பிரச்சினை என்று வந்தால், எங்கே, எத்தனை நாளுக்குள்

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்தில். மேல்விஷாரம், வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டையில். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி வேலூரில். மனு கொடுக்கும் முன் உங்கள் இடம் எந்த அலுவலகத்தின் எல்லையில் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளம், குறைந்தபட்ச ஊதியம் என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). வேலைநீக்கத் தகராறு என்றால் முதலில் சமரச அலுவலர். தொழிற்சாலைப் பாதுகாப்பு என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வேலூரில் தொழிலாளர் நீதிமன்றமும் பி.எஃப். மண்டல அலுவலகமும் இருக்கின்றன.

காலக்கெடுவைத் தவறவிட்டு நல்ல வழக்கை இழந்தவர்கள் பலர். ஊதியக் கோரிக்கைக்கு மூன்று வருடம். வேலைநீக்கத் தகராறுக்கு முன்பு மூன்று வருடம் இருந்தது, புதிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில் இரண்டு. தற்காலிக நீக்கத்தில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதி ஊதியம், 180 நாள்வரை முக்கால், அதற்குப் பிறகு முழுதும் என்று பிழைப்பூதியம் உண்டு. விசாரணையை இழுத்தடிக்கும் நிர்வாகத்துக்குத்தான் அதில் நஷ்டம்.

நீக்க உத்தரவு வந்த உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறது. வேலை உத்தரவு, கடைசி ஆறு மாதச் சீட்டு, வங்கிக் கணக்கு அச்சு, பி.எஃப். பாஸ்புக், அடையாள அட்டை ஆகியவற்றின் நகலைக் கம்பெனியில் இல்லாமல் வீட்டில் வையுங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.